மறைந்த சூரியனுக்கும் பொங்கல்



நோர்வேயின் வடகரையிலுள்ள துரொம்சோ நகரில் நவம்பர் 27 அளவில் மறையும் சூரியன், ஜனவரி நடுப்பகுதிவரை அடிவானத்துக்கு மேலே வருவதில்லை. மலைகள் மறைப்பதால் ஊருக்குள் அவன் முகங்காண ஜனவரி 21 அளவாகிவிடும். சன்னல்தோறும் நத்தார் விளக்கேற்றிக் காத்திருந்த மக்கள், அன்று பிள்ளைகளுடன் பனியில் நின்று அவனை வரவேற்று, ஜாம் வைத்த பணிஸ் உண்டு மகிழ்வார்கள்.

நமது தைப்பொங்கலோ அதற்கு ஒரு வாரம் முந்தியே வந்துவிடுகிறது. "இல்லாத சூரியனுக்கு ஏன் பொங்குகிறோம்?" என்று பிள்ளைகள் கேட்டால் அதட்டாதீர்கள், அது நல்ல கேள்வி.

கணக்கெழுதும் தொழில் செய்பவன் சொல்கிறேன்: கடன் தந்தவர் கண்ணில் படவில்லை என்பதற்காகக் கடன் தீர்ந்துவிடாது. பானையிலுள்ள அரிசி அவன் விளைவித்தது. மதியத்தில் சிறிது நேரம் வானம் நீலமாக வெளுக்கிறதே, அதுவும் அவன் ஒளிதான்.

இறைவனின் ஐந்தொழில்களில் மறைத்தலும் ஒன்று. அதுவும் அருளே என்பது சைவ சித்தாந்தம். 1980களில் ஊரிழந்து வந்து, வடநோர்வே மீன் தொழிற்சாலைகளில் குளிரில் நின்ற நம்மவரைத் தாங்கியதும் அந்த மறைந்த அருளே.

ஆகவே தைப்பொங்கலன்று வீட்டு அடுப்பில் பொங்குங்கள். சூரியன் திரும்பும் நாளிலும் பிள்ளைகளோடு வெளியே சென்று கைகூப்புங்கள்.

திருச்சிற்றம்பலம்.