பந்தியில் ஓர் இடம்

தகுதி இல்லாதவனுக்கும் ஆண்டவன் அருள் உண்டு என்பது கிறிஸ்து சமயத்தின் உயிர்நிலையான கொள்கை. புராட்டஸ்டண்டு சபையார் அதனைக் கிருபை என்பர். கத்தோலிக்கர் முன்னாளில் தேவ இஷ்டப்பிரசாதம் என வழங்கினர். பாடுபட்டு உண்பதே பெருமை எனக் கொண்ட நம்மனோர்க்கு இக்கொள்கை முதலிற் கசக்கவே செய்யும். உழைக்காமற் பெறுவது பிச்சை அன்றோ, தன்மானமுள்ளவன் அதற்குக் கை நீட்டலாமோ என்று கேட்கத் தோன்றும். கேள்வி நியாயமானதே. ஆயினும், வாங்குவோன் மானத்தினும் பெரியதொரு சிக்கல் இதனுள் இருப்பதாக நமக்குப் படுகிறது.

மத்தேயு சுவிசேஷத்தின் 20ஆம் அதிகாரத்து உவமையை நேயர்கள் அறிந்திருக்கலாம். திராட்சைத் தோட்ட முதலாளி ஒருவன் விடியலில் ஆள் பிடிக்கக் கடைத்தெருவுக்குப் போகிறான். நாட்கூலி ஒரு வெள்ளிக்காசு என்று பேசி முடிக்கிறான். பின்னர் ஒன்பது மணிக்கும், உச்சிப்பொழுதிலும், மூன்று மணிக்கும், இறுதியாக மாலை ஐந்து மணிக்கும் சென்று மேலும் ஆட்களை அழைத்து வருகிறான். பொழுது சாய்ந்ததும், கடைசியில் வந்தோருக்கே முதலிற் சம்பளம். அதுவும் முழு நாட்கூலி. விடியலில் வந்தோருக்கும் அதே ஒரு காசுதான். இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு ஓடி, அரைநாள் வேலைக்கு அரைநாட் சம்பளம் என்ற கணக்கையே கண்டு பழகிய தோட்டத்து மக்களுக்கு இம்முதலாளியின் கணக்கு எத்துணை விநோதமாய்த் தோன்றியிருக்கும்!

ஈண்டு ஒன்று கவனிக்கத்தக்கது. முந்தி வந்தவனுக்குப் பேசிய கூலியில் ஒரு சல்லியும் குறையவில்லை. அவனுக்கு முதலிற் சம்பளம் போட்டு அனுப்பியிருந்தால், மகிழ்ச்சியோடு வீடு போய்ச் சேர்ந்திருப்பான். பிந்தி வந்தவன் பெற்றதைக் கண்ட பின்னரே அவன் வயிறு எரிகிறது. வெயிலில் வெந்த தன்னையும் ஒரு மணி நேரக்காரனையும் சரிசமமாக்கியதே அவன் மனக்குறை. (பிந்தி வந்தவன் சோம்பேறியும் அல்லன். எவரும் வேலைக்கு அழைக்கவில்லை என்றே அவன் சொல்கிறான். அச்சொல்லுக்குப் பிரசங்கங்களில் உரிய இடம் கிடைப்பதில்லை என்பது நம் எண்ணம்.)

அந்த வயிற்றெரிச்சலைக் காண யூதேயா தேசம் வரை போக வேண்டுவதில்லை. திருநெல்வேலிச் சீமையில், வடக்கன்குளத்தில், கத்தோலிக்கர் 1872இல் ஒரு கோயில் எழுப்பினர். பீடம் ஒன்று, ஆனால் அதனின்று கால்சட்டையின் இரு கால்களைப் போல இரண்டு மண்டபங்கள் பிரிந்து சென்றன. ஒன்று வேளாளருக்கு, மற்றொன்று நாடாருக்கும் பிறருக்கும். இடையே சுவர். கால்சட்டைக் கோயில் என்றே அதற்குப் பெயர் வழங்கிற்று. சுவருக்கு இப்பாலும் அப்பாலும் மக்கள் நெஞ்சில் அறைந்து தம்மைப் பாவிகள் என்று அறிக்கையிட்டனர். ஒரே பீடத்தின் நன்மையை வாங்கினர்.

இரட்சிப்பு கூலியாயின், மிகுந்த உழைப்புக்கு உயர்ந்த இடம் கேட்கலாம். தகுதி ஏதும் இல்லையென்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்டவன் எந்தப் பத்திரத்தைக் காட்டித் தனி மண்டபம் கேட்பான்? சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. வேளாளத் தரப்பினர் தம் உரிமை பறிபோயிற்றென நீதிமன்றம் ஏறினர். சென்னை உயர்நீதிமன்றம் அவ்வுரிமையை ஏற்கவில்லை. வழக்கு அங்ஙனம் முடிந்தது. எனினும், அருளை உபதேசித்த திருச்சபையே அச்சுவரை 38 ஆண்டுகள் நிற்கவிட்டது என்பதையும் நாம் மறைப்பதற்கில்லை.

இனித் தன்மானக் கேள்விக்கு வருவோம். பிச்சையிடுவோன் வாங்குவோனைத் திண்ணைக்குக் கீழே நிறுத்துகிறான். உண்டபின் போ என்கிறான். தலைமுறை தலைமுறையாகத் திண்ணைக்குக் கீழே நிறுத்தப்பட்டவன் இக்கொள்கையிற் கேட்டது அதுவன்று. உனக்குத் தகுதி இல்லை என்றவனுக்கும் தகுதி இல்லை, இருவரும் ஒரே பந்தியில் அமருங்கள் என்று அவன் கேட்டான். அச்சொல்லை நம்பியே பலர் கோயிற்படி ஏறினர். ஏறியவரைச் சுவர் வரவேற்றதென்றால், அவமானப்பட்டது அவருடைய மானம் மட்டும்தானா?

உவமையில், உன் காசை எடுத்துக்கொண்டு போகலாம் என முந்தி வந்தவனிடம் முதலாளி சொல்கிறான். அவன் போனானா, மறுநாள் விடியலில் மீண்டும் அக்கடைத்தெருவில் வந்து மற்றவரோடு நின்றானா என்பதைக் கதை சொல்லவில்லை.