பயத்தின் அளவைக் கேளுங்கள்!

கோடையில் விளைந்த பச்சை பீன்ஸை உப்பு, பூண்டு, மிளகு சேர்த்துக் கண்ணாடி ஜாடிகளில் அடைத்துக் குளிர்காலம் முழுக்கச் சாப்பிடுவது அமெரிக்கத் தென்மாநிலக் குடும்பங்களின் பழைய வழக்கம். முதல் ஜாடியை மூடும்போது யாருக்கும் கை நடுங்கும். நடுங்கட்டும்! அந்த நடுக்கத்தில் நியாயம் இருக்கிறது.

மண்ணில் வாழும் க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாதான் அந்தப் பயத்துக்குக் காரணம். காற்றும் புளிப்பும் இல்லாத ஜாடிக்குள் அது பெருகி, ஆளைக் கொல்லும் நஞ்சைக் கக்கும். மோந்து பார்த்தாலும் தெரியாது. அதன் வித்துகள் கொதிநீரின் 100 டிகிரி சூட்டையும் தாங்கிவிடும்.

இதைக் கேட்டதும் ஒருவர், "நமக்கேன் வம்பு?" என்று ஒதுங்குகிறார். இன்னொருவர், "எங்கள் வீட்டில் இப்படித்தான் செய்தார்கள், ஒன்றும் ஆகவில்லை" என்று வெறும் அண்டாவில் கொதிக்க வைக்கிறார். முதலாமவரைக் கோழை என்றும் இரண்டாமவரைத் துணிச்சல்காரர் என்றும் சொல்ல நான் தயாரில்லை. எத்தனை டிகிரியில் அந்த வித்து சாகும் என்று இருவருமே கேட்கவில்லை!

கேட்டால் பதில் கிடைக்கும். சுமார் 116 டிகிரி வேண்டும். அழுத்தத்தில் மட்டுமே நீராவி அந்தச் சூட்டை எட்டும். புளிப்பில்லாத காய்களுக்கு அழுத்தக் கலன்தான் பாதுகாப்பு என்று அமெரிக்க வேளாண் துறை 1917-லேயே சொல்லிவிட்டது. மூடி, நீராவி சீராக வரத் தொடங்கியதும் 10 நிமிடம் அதை வெளியேற விட வேண்டும். பிறகு 10 பவுண்டு அழுத்தத்துக்கான எடை. அரை லிட்டர் அளவான பைன்ட் ஜாடிக்கு 20 நிமிடம், அதைப்போல் இரு மடங்கான குவார்ட் ஜாடிக்கு 25 நிமிடம். கடல் மட்டத்திலிருந்து 1000 அடிக்கு மேல் வசித்தால் 15 பவுண்டு. ருசிக்காக இறைச்சித் துண்டைச் சேர்த்தால் கணக்கே மாறும். இறைச்சிக்குரிய 75, 90 நிமிடங்கள்தான் செல்லும். நம் வீட்டுக் குக்கரின் விசில் கணக்கு இதற்கு உதவவே உதவாது.

காயை அடைத்து வைக்கும் வேலையைச் சிறுமிகளும் கற்றிருக்கிறார்கள். 1910-ல் தென் கரோலினாவின் எய்கன் மாவட்டத்தில் மேரி குரோமர் என்ற கிராமப் பள்ளி ஆசிரியை, சிறுமிகளைச் சேர்த்துத் தக்காளி சங்கம் தொடங்கினார். ஆளுக்கு ஒரு ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு நிலம். அவர்களே நட்டார்கள், பறித்தார்கள், டப்பாவில் அடைத்தார்கள், விற்றார்கள். பெண்களுக்கு வாக்குரிமைகூட இல்லாத ஊரில் தன் உழைப்பின் காசைத் தன் கையால் எண்ணினாள் ஒரு சிறுமி! அவர்களை எண்ணும்போதெல்லாம் என் நெஞ்சு நிமிர்கிறது. "முதலில் தைரியசாலி ஆகு, பிறகு வா" என்று யாரும் அவர்களை வாசலில் நிறுத்தவில்லை. வேலையைக் கற்றுக் கொடுத்தார்கள். செய்யச் செய்ய நம்பிக்கை வந்தது.

நீங்கள் மட்டும் ஏன் தைரியம் வரட்டும் என்று காத்திருக்கிறீர்கள்? உங்களை நடுங்க வைப்பது புதுத் தொழிலாக இருக்கலாம், நேர்முகத் தேர்வாக இருக்கலாம், பத்துப் பேர் முன்னால் பேசுவதாக இருக்கலாம். அதில் எது ஆபத்து, எவ்வளவு ஆபத்து, எதைச் செய்தால் அது அடங்கும்? இந்த மூன்றையும் எழுதுங்கள். அந்த வேலையை நன்றாகச் செய்கிற ஒருவரைத் தேடிப் போய், இன்றைக்கே கேளுங்கள்!