நிணம் என்று இகழாதீர்கள்

மலேசியத் தோட்டக் கோயில்களுக்குச் சொற்பொழிவு செய்ய வருகிறவர்களில் பலர், உடம்பை வெறுக்கச் சொல்லித்தான் பக்தியை ஆரம்பிக்கிறார்கள். சளி, நிணம், சீழ் என்று அடுக்கிக்கொண்டே போய், இந்த அழுக்கு மூட்டைக்கா இவ்வளவு அலங்காரம் என்பார்கள். பட்டினத்தார் பெயர் கட்டாயம் வரும். கேட்டுக்கொண்டிருப்பவர்களோ சுங்கை செம்பிலாங், ஜெராம், புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டங்களில் உழைத்து ஓய்ந்த பெண்கள். சுவரைப் பிடிக்காமல் அவர்களால் தரையில் உட்கார முடியாது. என் அம்மாவும் அவர்களில் ஒருவர்.

அம்மா செம்பனையில் உதிரிப் பழம் பொறுக்கியவர். குலை விழுந்ததும் சிதறுகிற பழங்களை, மரத்தடியில் குந்தி, புல்லையும் மட்டையையும் விலக்கி ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்கில் போட வேண்டும். எழுந்து அடுத்த மரத்துக்குப் போய் மறுபடியும் குந்த வேண்டும். மழை நாளில் சாக்கு இன்னும் கனக்கும். அந்த முட்டிகளைத்தான் இழிவு என்கிறார்கள்.

முட்டிக்குள் என்ன நடக்கிறது என்று படித்த பிறகு, எனக்கு அந்தப் பேச்சைக் கேட்கப் பொறுக்கவில்லை. மூட்டு நீரின் வழவழப்புக்குக் காரணம் ஹையலூரோனிக் அமிலம். 1934இல் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் இதை முதலில் மாட்டுக் கண்ணிலிருந்து பிரித்தெடுத்தார்கள். இந்த வழவழப்பே மூட்டைக் காப்பாற்றுகிறது என்று பலர் நினைத்தார்கள். ஆனால் குந்தி எழும்போது மூட்டில் விழும் அழுத்தத்தை அது தனியாகத் தாங்காது. இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிலையத்தில் ஜேக்கப் கிளைன் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு விளக்கத்தை முன்வைத்தது. குருத்தெலும்பின் மேல் ஹையலூரோனிக் அமில இழைகள் படிந்திருக்கின்றன. அந்த இழைகளில் பாஸ்பட்டிடைல்கோலின் என்ற கொழுப்பு வந்து ஒட்டிக்கொள்கிறது. கொழுப்பு மூலக்கூறின் தலைப்பகுதி தண்ணீரை இறுகப் பிடித்துவைக்கிறது. மூட்டில் விழும் அழுத்தம் நசுக்கினாலும் அந்தத் தண்ணீர் வெளியேறுவதில்லை, வழுக்குவதையும் நிறுத்துவதில்லை. அதனால் உராய்வுக் கெழு 0.001 அளவுக்குத் தாழ்கிறது. சளி போன்ற ஒன்றும் நிணமும், அதாவது கொழுப்பும், சேர்ந்துதான் மனிதரை நடக்க வைக்கின்றன. விழுந்து கும்பிட வைப்பதும் அவைதான்.

இந்தக் கொழுப்பில் ஒரு வகைக்கு, மூலக்கூறின் இரண்டு வால்பகுதிகளும் பால்மிட்டிக் அமிலம். செம்பனை எண்ணெயில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இருப்பதும் அதே அமிலம்தான். அம்மா சாக்குச் சாக்காகச் சுமந்தது அவர் முட்டிக்குள்ளும் இருந்திருக்கிறது என்பதை நான் படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இதைக் காட்டிக் கடவுளை நிரூபிக்க நான் வரவில்லை. சித்தர்களுக்கு இதெல்லாம் முன்பே தெரியும் என்பது பொய்ப் பெருமை. என் கேள்வி ஒன்றுதான்: சைவம் உண்மையில் உடம்பை வெறுக்கச் சொல்கிறதா? சைவ சித்தாந்தத்தில் தனு (உடம்பு), கரணம் (உட்கருவிகள்), புவனம் (உலகம்), போகம் (நுகர்வு) நான்கும் இறைவன் உயிருக்குக் கொடுத்தவை. உயிரைப் பிடித்த ஆணவ இருளில் சிறிதளவாவது வெளிச்சம் வேண்டுமே என்று கொடுத்தவை. உடம்பு மாயையில் பிறந்ததுதான், நிலையாததுதான். ஆனாலும் கொடுத்தவன் அருளால் கொடுத்தான். உடம்பை முன்பு இழுக்கென்று எண்ணியிருந்ததாகவும், உள்ளே இறைவன் குடியிருப்பதைக் கண்டபின் பேணத் தொடங்கியதாகவும் திருமூலரே சொல்கிறார். பட்டினத்தார் பாடியது, செல்வத்தில் திளைத்து அதைத் துறந்த ஒருவரின் வைராக்கியம். தோட்டத்து லயன் வீட்டில் பிறந்து, விடியுமுன் பெரட்டுக்கு (வேலையாள் கணக்கெடுப்புக்கு) போன பெண்ணுக்கு உடம்பின் மேல் ஆசை வளர நேரமே இருந்ததில்லை. அவர் உடம்பை மற்றவர்கள் மலிவாக நினைத்தது போதும். கோயிலும் அதையே சொல்லக் கூடாது.

குருத்தெலும்பில் நரம்பு கிடையாது. அது தேயத் தொடங்கும்போது வலி தெரியாது. தேய்ந்த முட்டியில் போடுகிற ஹையலூரோனிக் அமில ஊசி எல்லோருக்கும் பலன் தருவதுமில்லை. ஆகவே முட்டி பிடிக்கத் தொடங்கியதுமே மருத்துவரிடம் போங்கள், அம்மாமார்களே. விதி என்று தைலம் தேய்த்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள். கோயில் நிர்வாகத்தாரிடமும் ஒன்று கேட்கிறேன்: மண்டபத்தில் சுவரோரம் பத்து நாற்காலி போடுங்கள். சந்நிதிக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து தேவாரம் பாடுகிற கிழவியை யாரும் எழுப்பிவிடாதீர்கள்.