நெஞ்சக் கலக்கமும் நெஞ்சத் துடிப்பும்

மக்கள் யாக்கையில் இடையறாது தொழில் செய்யும் உறுப்புக்களுள் இருதயம் தலையாயது. உறங்கும்போதும் அஃது ஓய்வதில்லை. அதன் வலப்புற மேலறையிலுள்ள சிறு கணு ஒன்று மின்விசையை எழுப்ப, அவ்விசை ஏனை அறைகளிற் பரவுதலால், அமைதியாயிருக்கும் வளர்ந்தோர்க்கு நிமிடம் ஒன்றில் 60 முதல் 100 முறை அது துடிக்கும். இவ்வொழுங்கு அச்சத்தாலும் துயரத்தாலும் வெகுளியாலும் குலைதல் உண்டென்பது மருத்துவர் ஆராய்ந்து கண்ட உண்மை. அற்றேல், துயரத்தால் நெஞ்சு குலைந்தாரை மனவலியில்லாதவர் என்றும், இறைவன்பாற் பற்றுக் குறைந்தவர் என்றும் இகழ்தல் தகுமா என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. பழவேற்காட்டேரிக் கரையிலுள்ள மீனவர் குப்பங்களை நோக்குக. தமிழ்நாட்டிற்கும் ஆந்திர நாட்டிற்கும் பொதுவாய்க் கிடக்கும் அவ்வுவர்நீர்க் காயல், இந்தியாவில் ஒடிசாவின் சிலிகைக்கு அடுத்த பரப்புடையது. முகத்துவாரம் மணலால் தூர்ந்துவிடின் கடல்நீர் உட்புகாது; மீனும் இறாலும் குறையும்; கடன் பெருகும். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை அக்கரையையும் தாக்கிற்று. புயற்காலத்தே படகு ஒன்று மீளாதாயின், அதிற் சென்றவன் மனைவியும் தாயும் கரையில் நிற்கும் நிலை சொல்லாமலே விளங்கும். நெஞ்சு படபடத்தது, நெஞ்சு நின்றே போயிற்று என்னும் பேச்சு அத்தகையார்க்கு வெறும் உவமையன்று.

அஃது எங்ஙனமெனிற் கூறுதும். பேரச்சம் உண்டாயவழி மூளை நரம்புகளை ஏவும். சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் அட்ரினலின் என்னும் நீரை உதிரத்திற் கலக்கும். துடிப்பு விரையும், சிலபோது முறை பிறழும். குறையில்லாத இருதயம் பெரும்பாலும் சிறிது பொழுதில் தன்னிலை எய்தும். குருதிக்குழாய் சுருங்கியவர்க்கும், முன்னரே தசை வடுப்பட்டவர்க்கும், மின்னோட்டக் குறை பிறப்பிலேயே அமைந்தவர்க்கும் கீழறைகள் ஒழுங்கின்றி நடுங்கத் தொடங்குதல் கூடும். அவ்வழிக் குருதி வெளிச்செல்லாது. சில நொடிகளில் உணர்வு நீங்கும். உடனே உதவி கிட்டாவிடின் உயிரும் நீங்கும். 1994-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் நாள் அமெரிக்க நாட்டு லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் நிலம் நடுங்கியபோது, நாளொன்றுக்குச் சராசரி ஐவர் அளவில் நிகழ்ந்துவந்த திடீர் இருதய மரணம் அவ்வொரு நாளில் 24 ஆயிற்று. சப்பானிய மருத்துவர் 1990-இல் வேறொரு நோயைக் கண்டுரைத்தனர். பெருந்துயர் உற்றவர்க்கு இருதயத்தின் கீழறை அடிப்பக்கம் உப்பிக் கழுத்துக் குறுகி நிற்கும். அந்நாட்டு மீனவர் பேய்க்கணவாய் பிடிக்க இடும் சாடியை அவ்வடிவம் ஒத்தலின், அச்சாடியின் பெயரே நோய்க்கும் பெயராயிற்று. அதனை உற்றவர் பெரும்பாலார் சில வாரங்களில் நலம் பெறுவர்.

இனி, உடம்பின் வேறாய ஆன்மாவை உடையான் உடம்பின் நடுக்கத்திற்கு ஆட்படுவது யாங்ஙனம் என்று ஐயுறுவார் உளர். சிவஞானபோதத்து நான்காஞ் சூத்திரம், ஆன்மா அந்தக்கரணங்களுள் ஒன்றன்று என்றும், அமைச்சரோடு கூடிய அரசன்போல அவற்றோடு கூடி நிற்பது என்றும் தெளிவிக்கும். அமைச்சர் கலங்கியவழி அரசன் செயல் தடைப்படுதல் இயல்பே. அதனால் அவன் அரசனல்லன் ஆகான். ஆகலின், நெஞ்சத் துடிப்பின் பிறழ்ச்சி கருவியின்கண் நிகழும் கேடேயன்றி, ஆன்மாவின் அன்பை அளக்கும் கோலன்று. அரசர்க்கும் இது பொது. பாண்டியன் நெடுஞ்செழியன் தன் தீர்ப்புப் பிழைத்தமை உணர்ந்த அளவில் அரியணையிலேயே உயிர் நீத்தான் எனச் சிலப்பதிகாரம் கூறும். அவனை வலியற்றவன் என்று தமிழுலகம் இகழ்ந்ததில்லை. செங்கோலின்பால் அவன் கொண்ட பற்றிற்கு அதுவே சான்றென்று கொண்டது.

அற்றேல், நாகைக் கடற்கரை நுளைப்பாடியில் வாழ்ந்த அதிபத்தர் கலங்கிற்றிலரே எனின், அது மெய்யே. நாடோறும் முதல் மீனை இறைவற்கென விடுத்த அவ்வடியார், நாளொன்றுக்கு ஒரு மீனே வலைப்பட்ட வறுமைக் காலத்தும் அதனையே விடுத்து மகிழ்ந்தார் என்று சேக்கிழார் கூறுவர். அந்நிலை பயிற்சியால் வந்தது. பெறுவதன் முன்னரே கொடுத்துவிட்ட நெஞ்சு, இழக்கும்போது பேரதிர்ச்சி கொள்ளாது. நாள்தோறும் சிறிது நேரம் மூச்சடங்க அமர்ந்து திருவைந்தெழுத்தை எண்ணுதலும் கலக்கத்தைத் தணிக்க வல்லது. எனினும், அதிபத்தர் வரலாறு ஒருவன் தன்னைத் திருத்திக்கொள்ளற்கு அமைந்தது. பிறனைப் பழித்தற்கு அமைந்ததன்று. மகனைக் கடலுக்குக் கொடுத்த தாயை நோக்கி அதிபத்தரைப் பார் என்பவன், அறங்கூறுவான் போன்று கொடுமை செய்கின்றான்.

நோய் வினைப்பயனாயின் மருந்து எற்றுக்கெனின், நோயை ஊட்டிய திருவருளே மருந்தையும் மருத்துவனையும் கூட்டுவது என்க. படபடப்போடு மயக்கமோ, மார்பு நோவோ, மூச்சுத் திணறலோ தோன்றின், திருநீறு அணிவித்த கையே நோயாளனைக் காலந்தாழாது மருத்துவமனைக்குக் கொண்டு செல்லல் வேண்டும். வழிபாடு மருத்துவத்திற்குத் தடையாதல் வழிபாட்டிற்கே இழுக்கு.

மற்றொன்றும் உண்டு. பழவேற்காட்டு மீனவர் காயலில் வலை கட்டும் இடங்களைப் பாடு என்னும் முறையால் தம்முட் பகிர்ந்து வந்துள்ளனர். இன்னார்க்கு இன்ன நாள், இன்ன இடம் என்று திருவுளச்சீட்டாலும் முறைவரிசையாலும் வரையறுத்தலே அதன் இயல்பு. எல்லாப் பூசலையும் அஃது ஒழித்ததன்று. ஆயினும் நாளைய உணவைப்பற்றிய அச்சத்தைச் சிறிதாவது குறைக்கும் ஒழுங்கு அது. மன அமைதி ஒருவன் தனித்துத் தேடுவதொன்று மட்டுமன்று, ஊரார் ஒருவர்க்கொருவர் அளிப்பதுமாம் என்பது இதனாற் பெறப்படும். கடன் கொடுத்தவன் சுடுசொல்லும், இடர்ச்செய்தியை ஆராயாது உரக்கக் கூவுவான் வாயும், மெலிந்த இருதயம் ஒன்றை நிறுத்துதற்கும் போதியன. கொல்லாமை கருவியை விலக்குதலோடு முடியாது; சொல்லையும் அடக்குதல் வேண்டும். எல்லா உயிர்க்கும் உள்ளத்தே இறைவன் வீற்றிருக்கின்றான் என்று கொண்டார்க்கு, பிறர் நெஞ்சம் நடுங்காவாறு ஒழுகுதலே அவன் திருக்கோயிலைக் காத்தலாம்.

திருச்சிற்றம்பலம்.