வானத்துக் கருணையும் மூடிய வீதியும்

முற்றுகையிலோ பஞ்சத்திலோ சிக்கிய மக்களுக்கு விமானங்கள் உணவு கொண்டு சென்றன என்ற செய்தியைக் கேட்கும்போது மனம் இளகுகின்றது. அது குறையன்று, மனிதருக்காக மனிதர் இளகுவதே நாகரிகத்தின் அடித்தளம். ஆனால் அந்த இளக்கத்தோடு சிந்தனை நின்றுவிடலாமா என்பதே நம் வினா.

உணவை வான்வழியாக அனுப்புவது மிகவும் செலவு கூடிய முறை. கப்பலும் புகையிரதமும் லொறியும் செல்ல இயலாதபோதே விமானம் வருகின்றது. வெள்ளமோ நிலநடுக்கமோ வீதியை உடைத்திருந்தால் இயற்கையைக் காரணம் காட்டலாம். மனிதரே வீதியை மூடியிருந்தால்? அப்பொழுது விமானத்தின் பெருமையைப் பேசுமுன், வீதியை மூடியவர் யார், அதைத் திறக்கும் வல்லமை எவரிடம் இருந்தது என்று கேட்பது அறத்தின் கடமையாகின்றது.

1948ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஜேர்மனியின் மேற்கு வலயங்களிற் புதிய நாணயம் புகுத்தப்பட்டதைத் தொடர்ந்து, சோவியத் ஆட்சியினர் மேற்குப் பேர்லினுக்குச் செல்லும் தரைவழிகளையும் நீர்வழிகளையும் அடைத்தனர். இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் உள்ளே இருந்தனர். இடதுசாரிச் சிந்தனையுடையோர் இதனை மறைக்கவோ பூசிமெழுகவோ வேண்டியதில்லை. சோசலிசத்தின் பெயரால் ஒரு நகரின் உணவு வழியை அடைப்பதும் அடைப்பதேயாகும்.

அமெரிக்காவும் பிரித்தானியாவும் விமானங்களை அனுப்பின. முற்றுகை 1949 மே மாதத்தில் நீங்கியது. பறப்புகள் செப்டெம்பர் வரை நீடித்தன. 277,000க்கு மேற்பட்ட பறப்புகளில் ஏறத்தாழ 23 இலட்சம் தொன் பொருள் சென்றது. அதில் மூன்றில் இரண்டு பங்கு நிலக்கரி. டேகல் என்னுமிடத்தில் ஒரு புதிய விமானத்தளத்தை நகர மக்களே இரவும் பகலும் உழைத்துச் சில மாதங்களில் அமைத்தனர். அவர்களிற் கணிசமானோர் பெண்கள். மூன்றாண்டுகளுக்கு முன்னர் அந்த நகரின்மீது குண்டு பொழிந்த நாடுகளே இப்பொழுது அதற்கு மாவும் கரியும் சுமந்தன. ஒரு பெருநகரைக் குளிர்காலம் முழுவதும் வான்வழியாகவே காக்க முடியும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. அதன்பின் "எம்மால் இயலாது" என்ற சொல்லை எந்த வல்லரசும் எளிதிற் கூற முடியாது.

இதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னர், 1943இல், வங்கம் பசியால் மடிந்துகொண்டிருந்தது. தானியம் அனுப்பக் கப்பல் தருமாறு இந்தியாவிலிருந்த பிரித்தானிய அதிகாரிகளே பலமுறை இலண்டனைக் கேட்டனர். கேட்டதில் ஒரு சிறு பகுதியே கிடைத்தது. இறந்தோர் தொகை முப்பது இலட்சம் வரை இருக்கும் என மதிப்பிடப்படுகின்றது. போர்க்காலத்துக் கப்பற் பற்றாக்குறை பொய்யன்று. ஆயினும் பற்றாக்குறையிலும் யாருக்கு முதலில் ஒதுக்குவது என்று ஒரு வரிசை வகுக்கப்பட்டது. அவ்வரிசையின் கடைசியில் வங்கத்து உழவன் நின்றான். பேர்லின் மக்கள் முன்வரிசையில் நின்றது அவர்களின் பசி பெரிதாக இருந்ததாலன்று. அவர்களின் நகரம் வல்லரசுப் போட்டியின் எல்லைக்கோட்டில் இருந்ததால். பேர்லின் உயிர்கள் காக்கப்பட்டதை நாம் குறைகூறவில்லை. அவ்வுயிர்களுக்குத் தந்த மதிப்பு மற்றைய உயிர்களுக்கு ஏன் தரப்படவில்லை என்றே கேட்கின்றோம்.

நம் மண்ணிலும் இவ்வினா எழுந்ததுண்டு. 1987இல் பொருள்தடையாலும் வடமராட்சிப் படையெடுப்பாலும் யாழ்ப்பாணக் குடாநாடு நலிந்திருந்தபோது, இந்தியா ஜூன் 3ஆம் தேதி படகுகளில் உணவு அனுப்பியது. இலங்கைக் கடற்படை அவற்றைத் திருப்பி அனுப்பியது. மறுநாள் ஐந்து சரக்கு விமானங்கள், போர் விமானங்களின் காவலுடன், ஏறத்தாழ 25 தொன் பொருளைப் பரசூட் மூலம் இறக்கின. அதற்குப் "பூமாலை" என்று பெயரிட்டனர். முற்றுகையில் வாடியோருக்கு அது நம்பிக்கை தந்தது. அதனை இகழ்வதற்கு வெளியில் இருந்தோருக்கு உரிமையில்லை. ஆனால் அன்று குடாநாட்டில் இருந்த பல இலட்சம் மக்களுக்கு அதனைப் பகிர்ந்தால் ஆளுக்கு ஒரு கைப்பிடி அரிசியளவும் தேறாது. இறங்கியது உணவு; அனுப்பப்பட்டது கொழும்புக்கு ஓர் அரசியற் செய்தி. தன் குடிமக்களுக்குரிய வீதியைத் தானே மூடிய அரசு, இறைமையைப் பற்றிப் பேசியது. வானத்திலிருந்து வந்த அரசு கருணையைப் பற்றிப் பேசியது. பசித்தவனின் உரிமையைப் பற்றி இருவரும் பேசவில்லை.

அண்மைக் காலத்தில் இந்த முரண்பாடு காஸாவில் உச்சத்தை அடைந்தது. 2024 மார்ச் 2ஆம் தேதி அமெரிக்க விமானங்கள் அங்கே ஏறத்தாழ 38,000 வேளை உணவைப் பரசூட்டில் இறக்கின. பேர்லினைப் போலவே அங்கும் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள். ஆனால் விமானம் வந்திறங்க ஒரு தளம் இல்லை. 1998இல் திறக்கப்பட்ட காஸா விமான நிலையத்தை இஸ்ரேல் சில ஆண்டுகளிலேயே அழித்துவிட்டது. எல்லைக்கு அப்பால் உணவு லொறிகள் அனுமதிக்காகக் காத்து நின்றன. பேர்லினில் வீதியை மூடியவர் விமானம் அனுப்பியவரின் எதிரி. காஸாவிலோ வீதியை மூடியவர் விமானம் அனுப்பியவரிடமே ஆயுதம் பெறும் நண்பர். ஒரு கையால் குண்டையும் மறு கையால் உணவுப் பொதியையும் தருபவரை வள்ளல் என்று அழைக்கலாமா? 2025 ஆகஸ்டில், ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவுடைய உணவுப் பாதுகாப்பு மதிப்பீடு காஸா நகரப் பகுதியிற் பஞ்சம் நிலவுவதை உறுதி செய்தது. வானத்துப் பொதிகள் அதனைத் தடுக்கவில்லை.

"பசித்த குழந்தை கொடுப்பவனின் நோக்கத்தைக் கேட்குமா?" என்று சிலர் வினவலாம். கேளாது; கேட்கவும் தேவையில்லை. வேறு வழியில்லாத இடத்தில் விமானம் போகத்தான் வேண்டும். நோக்கம் தூயதாகும்வரை குழந்தை காத்திருக்க முடியாது. ஆனால் குழந்தை கேட்காத கேள்வியை நாம் கேட்காமலிருப்பது இரக்கமன்று, சோம்பல். உணவைப் பெறுவது தானத்தால் அன்றி உரிமையால் என்று கொள்வோமாயின், முதற் கடமை பொதி போடுவதன்று. வீதியைத் திறப்பது, மூடியவனுக்குக் கொடுக்கும் துணையை நிறுத்துவது.

ஆகவே வான்வழி உதவி பற்றிய செய்தி வரும்போதெல்லாம் ஆசிரியர்கள் தம் மாணவரிடம் நிலப்படத்தை விரித்து வைத்து, இந்த ஊருக்கு எத்தனை வீதிகள் உண்டு, அவற்றை யார் மூடினார், மூடியவரோடு யார் கைகோத்து நிற்கின்றார் என்று கேட்பார்களாக. அக்கேள்விகளுக்கு விடை காணும் மாணவனிடம் இரக்கமும் நீதியும் ஒன்றாக வளரும்.