கேட்டதும் எடுத்ததும்

டீக்கடை பெஞ்சில் பக்கத்திலிருப்பவர் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டு, ராத்திரி அதைக் கதையில் ஏற்றாதவர் நம்மில் யார்? ஆகவே, பேஸ்புக் போன்ற இடங்களில் ஜனங்கள் எழுதிப் போடுவதை அவர்களைக் கேட்காமல் அள்ளிச் செல்லும் ஆய்வாளனைக் குறை சொல்லுமுன் சற்றுத் தயங்க வேண்டும். அவன் சொல்லும் சமாதானம் நமக்கும் பழக்கமானதுதான்: "வெளியில் கிடந்ததைத்தானே எடுத்தேன்?"

இதில் 'வெளி' என்ற சொல் எதைக் குறிக்கிறது என்பதுதான் பிரச்னை.

2006ல் அமெரிக்காவில் சில சமூகவியல் ஆய்வாளர்கள், ஒரு பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மாணவர்களுடைய பேஸ்புக் பக்கங்களைப் பிரதியெடுக்கத் தொடங்கினார்கள். ரசனையும் நட்பும் காலத்தோடு எப்படி மாறுகின்றன என்பது ஆய்வுப் பொருள். பேஸ்புக் நிறுவனம் சம்மதித்தது. பல்கலைக்கழகமும் சம்மதித்தது. மாணவர்களை மட்டும் யாரும் கேட்கவில்லை. 2008ல், பெயர்களை நீக்கிவிட்டு, திரட்டிய விவரங்களை மற்ற ஆய்வாளர்களுக்கும் திறந்துவிட்டார்கள். சொல்லாமல் மறைத்த பல்கலைக்கழகம் ஹார்வர்ட் என்பது விரைவிலேயே தெரிந்துபோயிற்று. மாணவர் எண்ணிக்கையும் பாடப்பிரிவுகளின் பெயர்களுமே காட்டிக்கொடுத்தன. பட்டியலில் சில நாடுகளுக்கு ஒரே ஒரு மாணவர்தான். அவருக்குப் பெயரை நீக்கினால் என்ன, நீக்காவிட்டால் என்ன?

மைக்கேல் ஜிம்மர் 2010ல் எழுதிய கட்டுரை இதைவிட முக்கியமான ஒன்றைச் சுட்டியது. பிரதியெடுத்தவர்கள் அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உதவியாளர்கள். சக மாணவர்கள் மட்டும் பார்க்கட்டும் என்று ஒருவர் விட்டுவைத்ததும் அவர்கள் கண்ணில் பட்டிருக்கக்கூடும். திண்ணையில் உட்கார உரிமை உள்ளவனை அனுப்பித் திண்ணைப் பேச்சை எடுத்துவரச் செய்து, பிறகு அதற்குத் தெருப்பேச்சு என்று பெயர் வைப்பது போன்றது இது. 'வெளி' என்பது பேச்சின் குணமல்ல. பேசுகிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் இடையே உள்ள உறவு.

சட்டம் இந்த உறவுக்குள் அதிகம் நுழைவதில்லை. 2023ல் இந்தியப் பாராளுமன்றம் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையே பார்க்கலாம். ஒருவர் தாமே பகிரங்கப்படுத்திய விவரங்களுக்கு அது பொருந்தாது. ஆய்வுக்கும் புள்ளிவிவரத்துக்கும் நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. எல்லை கட்டுவது சட்டத்தின் வேலை, அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் சட்டம் தடுக்கவில்லை என்பதை தர்மம் அனுமதித்துவிட்டது என்று வாசிப்பது வெறும் சோம்பல்.

எல்லாரையும் கேட்டுத்தான் எடுக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. அப்படியானால் வதந்தியையோ வெறுப்பையோ அதிகாரத்தையோ யாரும் ஆராயவே முடியாது. மந்திரி எழுதுவதை ஆராய மந்திரியின் அனுமதி எதற்கு? அவர் கூட்டத்தைப் பார்த்துப் பேசுகிறவர். செத்துப்போன குழந்தையைப் பற்றிப் பத்து நண்பர்களிடம் சொல்கிறவர் அப்படியல்ல. அவர் கதவைச் சாத்த மறந்திருக்கலாம். அதனாலேயே நமக்கு அழைப்பு வந்துவிடவில்லை.

இங்கேதான் நம் விஷயத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. ஒருமுறை நண்பர் ஒருவரின் துக்கத்தைக் கதையாக்கினேன். பெயர், ஊர், தொழில் எல்லாவற்றையும் மாற்றியிருந்தேன். படித்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "நான் இதை உங்ககிட்டதானே சொன்னேன்?"

கலை, பொதுமை, உருமாற்றம் என்று நிறையப் பதில்கள் என்னிடம் இருந்தன. ஒன்றும் வாயில் வரவில்லை. ஆனாலும் அவரால் வந்து கேட்க முடிந்தது. கதையின் மேல் என் பெயர் இருந்தது, என் வீடும் அவருக்குத் தெரியும். தான் எடுக்கப்பட்டதே தெரியாத அந்த மாணவர் யாரிடம் போய்க் கேட்பார்? கேட்க ஆள் வராத இடத்தில், அந்தக் கேள்வியை எடுக்கிறவனே தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது: இவர் இதை யாரிடம் சொன்னார்?

அந்தக் கதையை நான் தொகுப்பில் சேர்க்கவில்லை. அதனால் எடுத்தது திரும்பிப் போய்விடவும் இல்லை.