எஞ்சி நிற்கும் ஒன்று



நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்திகள் 10-ஆம் நூற்றாண்டில் அருளிய கோம்மடசாரம், பரியாப்த மனிதர்தம் தொகையை 29 இலக்கங்களில் உரைக்கின்றது: 79228162514264337593543950336.

இரண்டின் முதல் வர்க்கம் 4. அதன் வர்க்கம் 16. இவ்வாறு செல்லும் ஐந்தாம் வர்க்கம் 4294967296. அதன் கனமே இத்தொகை. புதியம்புத்தூரில் ஆடை தைப்போர் துணியை மடிப்பதுபோல் இதனைப் பாதிபாதியாக மடித்துச் சென்றால், 96-ஆம் மடிப்பில் மீதமின்றி ஒன்றே எஞ்சும்.

“எம் ஒருவரால் அறம் நிலைக்குமோ?” எனச் சோர்கின்றோம். அவ்வொன்று இன்றேல் இப்பெருந்தொகை ஏது? இக்கரிசல் நாட்டுக் கழுகுமலைப் பாறையில், திருவுருவங்கள் பலவற்றின் கீழே அவற்றைச் செய்வித்த தனியொருவர் பெயரே பொறிக்கப்பட்டுள்ளது. குயவரும் தச்சரும் அவருள் உளர்.

எண்ணற்கரிய உயிர்த்தொகையுள் மனிதராய்ப் பிறந்தோம். பிறர் வருகைக்குக் காத்திராது, இன்றே இரவுண்ணாமை என்னும் ஒரு விரதமேனும் ஏற்போமாக!

அறம் வளர்க!